தியாகலிங்கம் விழப் பழகுகிறார்

உப்பை அள்ளி முன்னால் ஒரு வீசு. பிறகு ஓர் அடி. மறுபடி ஒரு வீசு, ஓர் அடி. மார்க்கம் வீதியில் இருக்கும் அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலிலிருந்து குப்பைத்தொட்டி வரைக்கும் தியாகலிங்கம் இப்படித்தான் போவார், இப்படித்தான் வருவார். கட்டடத்தைப் பராமரிப்பவர் அவர். சூப்பரின்டென்டன்ற் என்ற பதவிப் பெயர் குடியிருப்பவர்கள் வாயில் ‘சுப்பர்’. மாரி தொடங்கி நடைபாதையில் பனி உறைந்தால் அவருடைய ஜக்கெற்றின் வலப்பையில் அதை உருக்கும் உப்பு இருக்கும், இடப்பையில் ஆட்டிறைச்சி ரோல்ஸ் இருக்கும். கை மாறிப்போன நாட்களும் உண்டு. அன்றைக்கு வாசலில் அணில்களுக்குக் கொண்டாட்டம்.

“கனடாவுக்கு வந்த நாளிலை இருந்து நான் ஒருக்காலும் வழுக்கி விழேல்லை” என்பது அவருடைய வாசகம். புதிதாகக் குடிவருபவருக்கு வீட்டுத் திறப்பைக் கொடுக்கும்போதே இதையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார். அந்த வோபர்ன் வட்டாரத்தில் இதைக் கேட்காத காது இல்லை.

இப்பேர்ப்பட்ட மனிதர் மலையேறுவார் என்றால் யார் நம்புவார்கள்? யாழ்ப்பாணத்தில் மலை என்றால் கீரிமலை. அதுவும் பெயரளவில்தான் மலை, போய்ப் பார்த்தால் கேணி. அந்தச் சமதரையில் வளர்ந்தவர், ஒரு கோடையில் மில்ரன் பக்கத்துப் பாறைக் குன்று ஒன்றில் தற்செயலாக ஏறி, உச்சியில் நின்று வேர்வையைத் துடைத்தபடி, “உது பெரிய வேலை இல்லையப்பா” என்றார். அடுத்த ஞாயிறு நாலு குடும்பம் கூடிவிட்டது. நாலு தமிழ்க் குடும்பம் ஓரிடத்தில் கூடினால் சங்கம் வராமல் போகுமா? ‘வோபர்ன் கோடை நடையர் சங்கம்’ உதயமாயிற்று. யாப்பை எழுதியவர் தியாகலிங்கம். தலைவர் பதவி ஆயுட்காலத்துக்கு என்ற விதியை அதில் எழுதியவரும் அவர்தான். விட்பியிலிருந்து காரோடி வரும் சீனித்தம்பி செயலாளர். தலைவரின் மனைவி குணவதிக்குப் பதவி ஒன்றும் இல்லை. வேலை எல்லாம் அவருக்குத்தான்.

வினை ஆண்டுக் கூட்டத்தில் வந்தது. கையில் ஒலிவாங்கி கிடைத்ததும் தலைவருக்கு உற்சாகம் மேலிட்டு, வருகிற மாசியில் கியூபெக்கில் பனிமலை ஒன்றில் ஏறப்போகிறோம் என்று அறிவித்துவிட்டார். பனிக்காலத்து மலை என்பது கோடைகாலத்து மலைக்கு வெள்ளையடித்தது, அவ்வளவுதான் என்பது அவருடைய எண்ணம். சனம் கைதட்டியது. அதற்குப் பிறகு பின்வாங்க முடியுமா?

மலைக்குக் கூட்டிப்போகச் சம்மதித்தவர் செலீன் என்ற கியூபெக்காரி. ஆள் சிறிது, குரல் பெரிது. கொலிங்வூட் பக்கத்தில் ஏரிக்குடாவைப் பார்த்த சரிவு ஒன்றில் நாலு சனிக்கிழமை பழக வேண்டும். விழுந்தால் பனிக்கோடரியால் தன்னைத்தானே நிறுத்தத் தெரியாதவர், தலைவரோ யாரோ, தன்னோடு மலையேற முடியாது என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

முதற் சனி, செலீன் வாய் திறக்குமுன்பே தியாகலிங்கம் சரிவுக்கு உப்புப் போடத் தொடங்கினார். பை காலியானபோது கம்பளம் அகலத்துக்குத்தான் ஈரமாகியிருந்தது. அடுத்தது உடுப்புப் பாடம். பருத்தித் துணி வேர்வையைக் குடித்துவிட்டு உடம்பிலேயே உறையும், ஆகவே அது கூடாது என்று செலீன் சொல்லிக்கொண்டிருக்கையில், தலைவரின் ஜக்கெற்றுக்குக் கீழே, உள்ளே இடுப்பில் கட்டிய பருத்திச் சாரத்தின் நுனி ஒன்று எட்டிப் பார்த்தது. சங்கம் வந்திறங்கிய வான் வண்டிக்குப் பின்னால் போய் அதைக் கழற்றிவிட்டு வந்தார். மத்தியானம் அவருக்கு ஒரு வெற்றியும் கிடைத்தது. செலீன் கொண்டுவந்த சொக்லேற் கல்லாகிப் பல்லை உடைக்கப் பார்த்தது. ஜக்கெற்றுக்குள் கிடந்த ரோல்ஸ் இளஞ்சூடாக இருந்தது. அன்று தொட்டுச் சாப்பாட்டு நேரத்தில் செலீன் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றார்.

சப்பாத்தில் இரும்பு முள் பூட்டிக் காலை அகட்டி நடக்கும் பாடம் இரண்டாம் சனி. தியாகலிங்கம் தன் முள்ளாலேயே தன் காற்சட்டையைக் கிழித்துக்கொண்டார் என்பதோடு அந்தக் கதையை விட்டுவிடலாம்.

பிறகு வந்தது விழும் பாடம். சரிவில் உட்கார்ந்து வழுக்கிக்கொண்டு போக வேண்டும். போகிற போக்கில் குப்புறத் திரும்பி, கோடரியின் அலகைத் தோளுக்குப் பக்கத்தில் பனிக்குள் குத்தி, நெஞ்சை அதன்மேல் அமர்த்த வேண்டும். ஆள் நின்றுவிடும். சீனித்தம்பி குழந்தைப்பிள்ளை மாதிரி ஏறி ஏறி விழுந்தார். குணவதி முதல் தரத்திலேயே நின்று, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அடுத்தது என்ன என்று கேட்டார். தலைவர் மட்டும் அசையவில்லை.

“விழாமல் நடக்கப் பழகத்தானே வந்தனாங்கள்? விழுறதுக்கு ஏன் பழகவேணும்?”

மலையில் உப்பு வாளியோடு ஒருவரும் நிற்கமாட்டார், என்றைக்கோ ஒருநாள் கால் வழுக்கியே தீரும் என்று செலீன் பொறுமையாக விளக்கினார். அதை மறுத்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே தியாகலிங்கத்தின் கால் வழுக்கியது. சங்கம் முழுவதும் பார்த்துக்கொண்டு நின்றது. கோடரி மேலேயே தனியாக நின்றுவிட்டது. அவருடைய இரண்டு கைகளும் தலைக்கு மேலே போய்க் கூப்பிக்கொண்டன, கண் மூடியது, உடம்பு குறுக்காகத் திரும்பியது. சீராக, அவசரமே இல்லாமல், அடிவாரம் மட்டும் உருண்டு போனார். “அரோகரா” என்ற சத்தம் வரவரத் தேய்ந்தது.

இதை இவருக்கு யார் பழக்கினார்கள் என்று செலீன் திகைத்துப்போய்க் கேட்டார். இளந்தாரி வயதில் நேர்த்தி வைத்து, நல்லூர்த் திருவிழாவில் கோயில் வீதி மணலில் உருண்டு பிரதட்டை அடித்தவர், முதுகு நிலத்தில் பட்டால் கை தன்பாட்டில் மேலே போய்விடும் என்று குணவதி எடுத்துச் சொன்னார். செலீன் அடிவாரத்தை எட்டிப் பார்த்தார். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் நாங்கள் ஏறப்போகும் மலையில் உருண்டு முடிகிற இடத்தில் பள்ளத்தாக்கு அல்லவா இருக்கிறது என்றார்.

அந்தக் கிழமை முழுவதும் தலைவருக்குச் சோறு இறங்கவில்லை. வரவேற்பறைக் கம்பளத்தில் குடையைக் கோடரியாகப் பிடித்து விழுந்து பார்த்தார். அங்கே எல்லாம் ஒழுங்காக வந்தது. போதாக்குறைக்குச் சீனித்தம்பி தொலைபேசி எடுத்து, தலைவர் வர முடியாமல் போனால் உச்சியில் சங்கத்தின் பதாகையை யார் பிடிக்கிறது என்று மிகுந்த மரியாதையோடு விசாரித்தார். தான் தொடங்கிய சங்கம் தன்னை வாசலில் விட்டுவிட்டு மலைக்குப் போவதை நினைக்க நினைக்கத் தியாகலிங்கத்துக்கு அழுகை வரும் போல இருந்தது.

கடைசிச் சனி. விழுந்தார், உருண்டார். திரும்பவும் விழுந்தார், திரும்பவும் உருண்டார். வெயில் சாயத் தொடங்கிவிட்டது. அடிவாரத்தில் காதுக்குள் போன பனியைத் தோண்டிக்கொண்டிருந்தவரிடம் குணவதி இறங்கி வந்தார். மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்:

“இஞ்சருங்கோ. நீங்கள் பிரதட்டை அடிக்கிறியள். அதை விட்டிட்டு விழுந்து கும்பிடுங்கோ. நெஞ்சு நிலத்திலை பட்டால் சரி.”

தியாகலிங்கத்தின் முகம் மலர்ந்தது. செலீன் இவ்வளவு நாளும் தொண்டை கிழியக் கத்தியது இதுதானா? விறுவிறு என்று ஏறினார். இறங்க ஆயத்தமாகித் தலையைத் திருப்பிப் பார்த்தால், அவருக்கு முன்னமே ஏறிவந்து, சரிவின் தலைப்பில், ஏறுபவர்களுக்கு உதவும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நேர் மேலே நிற்பவர் குணவதி. குப்புற விழுந்தால் முகம் அந்தக் கால்களைத்தான் பார்க்கும். ஆயுட்காலத் தலைவர் சங்கம் முழுவதற்கும் முன்னால் பெண்சாதியின் காலில் விழுவதா?

“நீர் கொஞ்சம் அங்காலை தள்ளி நில்லும்.”

குணவதி தள்ளி நின்றார். தலைவர் வழுக்கினார். கும்பிட மேலே ஒருவரும் இல்லை. கைகளுக்கு வேறு வழி தெரியவில்லை. பழையபடி தலைக்கு மேலே போய்க் கூப்பிக்கொண்டன. அடிவாரம் வந்து சேர்ந்தபோது அரோகரா சொல்லக்கூட அவருக்கு மூச்சு இல்லை.

செலீன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஒரே ஒரு தரம், அதோடு வான் புறப்படும் என்றார்.

தியாகலிங்கம் மெல்ல ஏறினார். உச்சியில் நின்று தொண்டையைச் செருமி, ஆண்டுக் கூட்டத்துக் குரலில், எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிக் குடாவின் இயற்கை அழகைக் கொஞ்சம் பார்க்கும்படி சங்கத்துக்குக் கட்டளையிட்டார். தலைவர் சொன்னால் மறுப்பு ஏது? எல்லோரும் திரும்பினார்கள். சீனித்தம்பி கடைசியாகத் திரும்பினார். பிறகு தலைவர் குணவதியைப் பார்த்து, பழைய இடத்துக்கே வந்து நிற்கும்படி கண்ணைக் காட்டினார். குணவதி வந்து, கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, சிரிக்காமல் நின்றார்.

வழுக்கினார். குப்புறத் திரும்பினார். நெஞ்சு கோடரிமேல் விழுந்தது, அலகு பனியைக் கிழித்துக்கொண்டு போய் ஓரிடத்தில் இறுகப் பிடித்தது. தியாகலிங்கம் நின்றுவிட்டார். திரும்பாமல் நின்ற செலீன் இரண்டு கைகளையும் உயர்த்தி, மலைக்கு வரலாம் என்று சைகை காட்டினார். விழுந்து கும்பிட்டவரை வெறுமனே விடக்கூடாதே என்று குணவதிக்கு வாயில் தானாக வந்தது.

“நல்லாயிருங்கோ” என்றார்.

“முடிஞ்சுதோ அண்ணை? திரும்பட்டோ?” என்று சீனித்தம்பியின் குரல் கேட்டது.

தலைவர் பனியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. ஒரு கையை மட்டும் கோடரியிலிருந்து விடுவித்து, மேலே தூக்கி, கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்.