என் இருமலும் அவர் சொன்ன பொய்யும்

எனக்கு இருமல் தொடங்கியபோது கல்யாணமாகி எட்டு மாதம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. புதுச்சேரியில் எங்கள் தெருவிலேயே ஒருவர் மூன்று வருஷமாக இருமிக்கொண்டு கிடந்தார். மனைவி கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள். எதிர்வீட்டு மருமகளுக்கு அதே நோய் வந்தபோது, பெட்டியோடு வண்டியேற்றித் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் திரும்பி வரவில்லை. அதனால் நான் கிணற்றடிக்குப் போய்த்தான் இருமுவேன்.

ஒரு காலை முந்தானையில் ரத்தம். கசக்கிக்கொண்டிருக்கையில் என் கணவர் பின்னால் வந்து நின்றார்.

"எத்தினி நாளா?"

"பத்து நாளா. அத்தைகிட்ட சொல்லிடாதீங்க."

மறுநாள் பூசைக்கென்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். காசநோயின் ஆரம்பம் என்றார் டாக்டர். ஓய்வு வேண்டும், பால் முட்டை வேண்டும், தட்டும் பாயும் தனியாக இருக்க வேண்டும். வீட்டுக்குள் நுழைந்ததும் கணவர் தன் அம்மாவிடம் சொன்னார்:

"ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வரோம்மா. எனக்கு நெஞ்சு கெட்டிருக்காம்."

மாமியார் என்னையே பார்த்தார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி இவனுக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்ல," என்றார். பிறகு, "நீ பாட்டுக்கு அம்மா வூட்டுக்குக் கிளம்பிடாத. அடுப்ப நான் பாத்துக்கறேன். இவன் பக்கத்துலயே இரு."

நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருந்த கணவர் விடுப்பு எழுதிக் கொடுத்தார். பின்கட்டு அறையில் நான், ஜன்னலுக்கு வெளியே தாழ்வாரத்தில் அவர். அவருக்கென்று வருகிற முட்டையையும் பாலையும் நான் சாப்பிடுவேன். எனக்கு இருமல் வந்தால் அவரும் சேர்ந்து பலமாக இருமுவார். அவர் வெளியே போயிருந்தால் தலையணையில் வாயை அழுத்திக்கொள்வேன்.

ஒருநாள் மாமியார் கதவைத் திறந்தார். முட்டை என் வாயில்.

"அவனுக்குக் குடுத்தத நீயா துன்ற?"

"நாந்தாம்மா குடுத்தேன்," என்றார் கணவர் தாழ்வாரத்திலிருந்து. "என்னைப் பாத்துப் பாத்து இவ இளைச்சுட்டா."

மாமியார் என் கழுத்தெலும்பைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து இரண்டு முட்டை வந்தது. மாமியாருக்கு உண்மை தெரிந்துவிட்டதோ என்று ஒவ்வொரு வேளையும் பயந்து பயந்து விழுங்கினேன். கடைசிவரை நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஓய்வு தொடங்கிய ஒன்பதாம் மாதம், என் நெஞ்சு தெளிந்துவிட்டது என்றார் டாக்டர். அதற்குள் என் கணவர்தான் நோயாளிபோல் மெலிந்திருந்தார். உறவுக்காரர்களிடம் மாமியார், "எம்புள்ள பொழச்சது பொண்டாட்டி பக்குவத்துலதான்," என்பார். நாங்கள் இருவரும் தலைகுனிந்து உட்கார்ந்திருப்போம்.