வாசலை அளக்காமல் செய்த மேசை

அந்த வீட்டின் மூன்றாம் மாடியில், தெருவைப் பார்த்த அறையில் ஒரு மேசை கிடந்தது. மேசை என்றதும் ஏதோ காகிதம் வைத்து எழுதுகிற மேசை என்று நினைத்துவிடக் கூடாது. பத்துப் பேர் தாராளமாக உட்காரலாம். இடித்துப் பிடித்து உட்கார்ந்தால் பதினைந்து பேர். அறையில் பாதிக்கு மேல் அதுதான்; மிச்ச இடத்தில்தான் ஒரு குடும்பம் நடந்தது. அந்தக் குடும்பத்துக்காரியைத் தெருவே மேசையக்கா என்று கூப்பிட்டது. நாடகக் கொட்டகையில் டிக்கெட் கொடுக்கும் சன்னலுக்குப் பின்னால் காலம் முழுக்க உட்கார்ந்தவள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

இப்போது வீடு கைமாறிவிட்டது. மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்தாக வேண்டும். அவள் கணவர், கொட்டகைக்கு நாடக செட் போட்டுக்கொடுத்த தச்சர், தெரு செட்டுக்காரர் என்று கூப்பிட்டவர், போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. பிள்ளைகள் இரண்டு பேரும் கலந்து பேசி முடிவு செய்துவிட்டார்கள்: அம்மா ஆறு மாதம் மகள் வீட்டில், ஆறு மாதம் மகன் வீட்டில்.

"ஒரே இடத்துல அடைஞ்சு கிடக்க வேண்டாம்மா. உனக்கும் ஒரு மாறுதல்," என்று மகன் போனில் சொன்னான்.

"நான் என்னடா கோதுமை மூட்டையா? இந்தக் கிடங்குல ஆறு மாசம், அந்தக் கிடங்குல ஆறு மாசம்னு அடுக்கி வைக்க?"

மகன் சிரித்தான். அம்மா எதைச் சொன்னாலும் அவனுக்குச் சிரிப்புத்தான். அடுத்தவர் பேச்சைக் காதில் வாங்காத அந்தக் குணம் அப்பாவிடமிருந்து வந்ததில்லை, அப்படியே அப்பாவின் அண்ணனை, பெரியப்பாவை உரித்து வைத்தது.

மேசையக்கா சிரிப்புக்காகச் சொல்லவில்லை. மூட்டை கட்டுவது என்றாலே அவளுக்கு ஆகாது. கல்யாணமான புதிதில் செட்டுக்காரருக்கு நாடகக் குழுவோடு ஊர் ஊராகப் போகிற வேலை. அவர் கட்டுகிற அரண்மனையும் சிறைச்சாலையும் காடும் பாகம் பாகமாகக் கழன்று வண்டியில் ஏறும். பின்னாலேயே இவளும் பாத்திரமும் பாயும் ஏற வேண்டும். பெரியவள் வயிற்றில் இருந்தபோது மட்டும் எத்தனை அறை மாறினாளோ. கடைசியில் இந்தத் தெருக் கொட்டகையில் நிலையான வேலை கிடைத்து, இந்த மாடிக்கு வந்து சேர்ந்த அன்று, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஏங்க, இனிமே ஒரு தடவை என்னை மூட்டை கட்டச் சொன்னா, கயித்தை என் கழுத்துல கட்டிட்டு நீங்க கிளம்புங்க."

செட்டுக்காரர் மூட்டைக் கயிற்றைச் சுருட்டி மூலையில் வைத்தார். அவர் எதற்குத்தான் வாயைத் திறந்தார்?

அந்த வாரமே கொட்டகையில் மேடைத் தரையைப் பெயர்த்துப் புதுப் பலகை போட்டார்கள். பழைய பலகையைச் செட்டுக்காரர் ஒவ்வொன்றாக மாடிக்குச் சுமந்து வந்தார். அறையைச் சாத்திக்கொண்டு இழைத்தார், துளைத்தார், தட்டினார். மனைவியையும் குழந்தையையும் ராப்பகலாக டிக்கெட் அறையிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். எல்லாம் முடிந்து அவள் வந்து பார்த்தால், உள்ளே யானை மாதிரி ஒரு மேசை. பளபளவென்று மெருகேற்றி, முழங்காலில் சிராய் குத்தாமல் இருக்கட்டும் என்று அடிப்பக்கம் முழுக்கத் திரைத்துணியை இழுத்து ஆணி அடித்திருந்தார்.

சரியாக அந்த நேரத்தில் அவருடைய அண்ணன் லாரியோடு வந்து இறங்கினார். அண்ணனுக்கு நகரத்தின் மறுகோடியில் நாற்காலி, கட்டில் செய்கிற பெரிய பட்டறை. தம்பி வந்து கூட நிற்க வேண்டும், தம்பி குடும்பம் தன் வீட்டிலேயே ஒரு பக்கம் இருக்க வேண்டும் என்பது அவர் முன்பே சொல்லி அனுப்பியிருந்த கட்டளை. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் மனைவியை, அந்த ஓரகத்தியை நினைத்தால் மேசையக்காவுக்கு அப்போதே காய்ச்சல் வரும். செட்டுக்காரருக்கோ அண்ணன் முன்னால் முடியாது என்ற சொல் வாயில் வராது. அப்பா இல்லாத பிள்ளையைத் தூக்கி வளர்த்த அண்ணன்.

அண்ணன் மாடியேறி வந்தார். மேசையைச் சுற்றி வந்தார். வாசலைப் பார்த்தார். வாசலைத் தாண்டியதும் ஒரே வளைவாக வளைந்து இறங்கும் படியைப் பார்த்தார்.

"என்னடா இது?"

"மேசைண்ணே."

"அது தெரியுது. வெளிய எப்படி எடுப்ப?"

செட்டுக்காரர் மேசையைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார். "அதைத்தான் யோசிக்கலைண்ணே."

"அடக் கூமுட்டை! வாசலை அளக்காமலா மேசை செஞ்ச? விட்டுத் தொலைச்சிட்டு வா."

"நல்ல மரம்ணே. விட்டுட்டு வர மனசு வரலை. ஏதாவது ஒரு வழி கண்டுபிடிச்சதும் வந்துடறேன். நீங்க முன்னாடி போங்க."

லாரி காலியாகத் திரும்பிப் போனது. அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்தில், எந்த இழவில் பார்த்தாலும் அண்ணன் கேட்பார்: "வழி கண்டுபிடிச்சியாடா?" இவர் தலையைக் குனிவார். அண்ணன் சாகும்வரை அந்தக் கேள்விதான்.

தெருவுக்கு இது போதாதா? படம் வரைகிறவன், பாட்டுக் கட்டுகிறவன், வேஷம் போடுகிறவன், கவிதை எழுதிவிட்டு வேலை தேடுகிறவன் என்று மாடிக்கு நாலு பேர் வாழ்ந்த தெரு அது. வேடிக்கை பார்க்க ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர்கள் சாப்பிட்டார்கள். சாப்பிட்டவர்கள் மறுபடி வந்தார்கள். மேசை இருந்ததே தவிர, உட்கார நாற்காலி இல்லை. அதனால் திங்கட்கிழமை, கொட்டகைக்கு விடுமுறை நாளில், எல்லோரும் அவரவர் நாற்காலியோடு வருவது என்று ஆனது. சாயங்காலமானால் அந்தத் தெருவில் நாற்காலிகள் தலைக்கு மேல் ஊர்வலம் போகும். ஒருத்தர் கையில் ரொட்டி, ஒருத்தர் கையில் முட்டை, ஒன்றும் இல்லாதவர் நாற்காலியும் பசியும். மேசையக்கா ஒருத்தரையும் கையில் என்ன என்று பார்த்ததில்லை.

டிரம்பெட் வாசிக்கிற ஒருவரை எல்லோரும் ஊதல் என்பார்கள்; அவர் தவறாமல் வருவார். அவருடைய சித்தி மகளைத்தான் கொட்டகை மேனேஜரின் தம்பிக்குக் கொடுத்திருந்தது. மேனேஜர் எந்த வகையிலும் இவர்களுக்குச் சொந்தமில்லை; ஆனாலும் அந்த வழியில் செட்டுக்காரரை அண்ணன் என்றும் இவளை அண்ணி என்றும் உறவு கொண்டாடுவார். அவருக்கும் செட்டுக்காரருக்கும் ஒரு தீராத வழக்கு இருந்தது. மேசை செய்த வாரத்தில் செட்டுக்காரரின் மரச்சுத்தியல் காணாமல் போய்விட்டது. கொட்டாப்புளி என்பார்களே, அது.

"நீதான் எடுத்த," என்பார் செட்டுக்காரர். அந்த மேசையில் அவர் முழுதாகப் பேசுகிற வாக்கியம் அது ஒன்றுதான்.

"டிரம்பெட் ஊதறவனுக்குக் கொட்டாப்புளி எதுக்குண்ணே? தாளம் போடவா?"

"எதுக்கோ."

திங்களுக்குத் திங்கள் இந்தப் பஞ்சாயத்து நடந்தால்தான் சாப்பாடு இறங்கும்.

நீலம் என்று ஒரு ஓவியர் இருந்தார். ஏதோ கடையை மூடும்போது ஒரு பீப்பாய் நீலச் சாயம் அவர் தலையில் கட்டிவிட்டார்கள். அதிலிருந்து வானமும் நீலம், மனிதனும் நீலம். சாப்பிட்ட நன்றிக்கு ஒரு நாள் மேசைக்கும் நீலம் பூசினார். அடுத்த வருடம் வேறொருவர் சிவப்பு. பிறகு பச்சை, அப்புறம் நாடகத்தில் மிஞ்சிய மஞ்சள். சில வருடத்துக்கு ஒரு நிறமாக மேசை உடுத்திக்கொண்டே வந்தது. மேசையக்காவுக்கு நடந்ததெல்லாம் நிறத்தை வைத்துத்தான் நினைவு. மகன் பிறந்தது பச்சை மேசைக் காலத்தில். மகள் பரீட்சைக்குப் படித்தது மஞ்சளில். செட்டுக்காரர் படுத்தது சாம்பல் நிறத்தில்.

சண்டை வந்தால் மட்டும் அவள் கையில் ஒரு ஆயுதம் தயாராக இருந்தது. உப்புக் கூடியதா, தண்ணீர்க் குடம் கவிழ்ந்ததா, எதுவானாலும் கடைசியில், "வாசலை அளக்காத மனுஷன்கிட்ட வேற என்னத்தை எதிர்பார்க்கிறது!" என்று முடிப்பாள். அவர் தலையைக் குனிந்துகொள்வார். தோற்றுப்போனார் என்றுதான் அவள் நினைத்தாள்.

பிறகு தெரு மாற ஆரம்பித்தது. முதலில் சாயக்கடை போய்க் கண்ணாடிக் கதவு போட்ட காபிக்கடை வந்தது. கொட்டகை உடற்பயிற்சிக்கூடம் ஆனது; அவள் டிக்கெட் கொடுத்த சன்னலில் பணம் எடுக்கிற இயந்திரத்தைப் பதித்துவிட்டார்கள். வாடகை ஏற ஏற ஆட்கள் இறங்கினார்கள். நீலம் தங்கை வீட்டோடு போய்விட்டார். கவிஞர்களில் ஒருவருக்கு உண்மையாகவே வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமைகளில் நாற்காலிகள் குறைந்தன. கடைசியில் தலையில் நாற்காலியோடு வந்தவர் ஊதல் ஒருத்தர்தான். அவருக்கும் மூச்சு வாங்கும்; நாற்காலியை ஒவ்வொரு வளைவிலும் போட்டு உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவார்.

வீட்டைப் புதிதாக வாங்கியவள் குட்டை முடி வெட்டிய ஒரு சின்னப் பெண். மரியாதையானவள். வெளியூர்க்காரர்கள் நாள் வாடகைக்குத் தங்க அறைகள் போடப் போகிறாளாம்.

"மேசையை இங்கயே விட்டுட்டுப் போங்கம்மா. கலைஞர்கள் எல்லாம் சாப்பிட்ட மேசைன்னு ஒரு பலகை வச்சு, கண்ணு மாதிரி பாத்துக்கறேன். எப்படியும் வெளிய வராதுதானே?"

"பாக்கறதுக்கா அவர் செஞ்சாரு? சாப்பிடறதுக்கும்மா. அறுத்தாவது கொண்டுபோவேன்."

"நிஜமாவே அறுக்கப் போறியா?" என்றாள் மகள், அந்தப் பெண் போன பிறகு. "பாதிப் பாதியா வச்சுக்கிட்டு என்ன பண்ணுவ?"

"ஒரு பாதி உன் வீட்டுக்கு, ஒரு பாதி உன் தம்பி வீட்டுக்கு. என்னையும் அப்படித்தானே போட்டிருக்கீங்க."

மகளுக்குச் சுருக்கென்று தைத்தது.

அறுக்கிற நாளும் வந்தது. ரம்பக்காரர் ஒருவரை மகள் கூட்டி வந்தாள். ஊதல் நாற்காலியோடு வந்து ஓரமாக உட்கார்ந்தார். மேசையக்கா மேசையின் தலைமாட்டில், செட்டுக்காரர் உட்காரும் இடத்தில், கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்க வெட்டணும்மா?" என்றார் ரம்பக்காரர்.

"நடுவுல," என்றாள். அங்கிருந்தே கையை நீட்டிக் காட்டினாள்.

"அண்ணே, இருங்க. அடியில துணி இருக்கு, ரம்பத்துல சுத்திக்கும்," என்று ரம்பக்காரரிடம் சொல்லிவிட்டு மகள் குனிந்தாள். சின்ன வயதில் அந்த மேசைக்கு அடியில் வீடு கட்டி விளையாடியவள் அவள்தானே. ஆணியை நெம்பித் துணியை ஒரு மூலையிலிருந்து உரித்துக்கொண்டே போனாள். பாதியில் நிறுத்திவிட்டாள்.

"அம்மா. இங்க வா. குனி."

"என் இடுப்புக்கு இப்ப அது ஒண்ணுதான் குறைச்சல்," என்று முனகிக்கொண்டே மேசையக்கா தரையில் உட்கார்ந்து, தவழ்ந்து உள்ளே போனாள்.

பலகைகளுக்குக் குறுக்கே சட்டங்கள். சட்டம் சட்டமாக மர ஆப்புகள். மேல்பலகையில் ஒரு ஆணிகூட இல்லை. ஒவ்வொரு ஆப்புக்குப் பக்கத்திலும் கறுப்பு மையில் ஒரு எண்ணும் ஒரு அம்புக்குறியும். எதை முதலில் கழற்றுவது, எந்தப் பக்கம் தட்டுவது என்று அரண்மனைக்கும் சிறைச்சாலைக்கும் அவர் போடுகிற அதே எண். அவள் எத்தனை வண்டியில் ஏற்றிப் பார்த்திருக்கிறாள்! நடுச்சட்டத்தில் ஒரு தோல் வளையம். வளையத்தில் செருகியபடி கொட்டாப்புளி.

மகள் அதை உருவி வெளியே நீட்டினாள். ஊதல் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"அடப்பாவி அண்ணே! காலம் பூரா என்னைத் திருடன்னு சொன்னியே! என் கால் முட்டிக்கு மேலயேவா வச்சிருந்த?"

மேசையக்கா வெளியே வரவில்லை. மேசைக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தாள். வாசலை அளக்காத மனுஷன். எந்த நாளும் வெளியே எடுத்திருக்கலாம். அண்ணன் லாரியோடு நின்றபோதே ஒரு நொடியில் கழற்றியிருக்கலாம். அண்ணனிடம் சொல்ல முடியாத சொல்லை மேசை சொல்லட்டும் என்று விட்டுவிட்டு, எல்லோரிடமும், அவளிடமும்கூட, கூமுட்டைப் பட்டம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள்.

"உங்ககிட்டயா அண்ணி?" என்றார் ஊதல். "டிக்கெட் சன்னல்ல சொன்னா தெருக்கோடிக்குப் போயிருக்குமே!"

மேசையக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ரம்பக்காரர் ரம்பத்தை உறையில் போட்டுவிட்டு, எண் பார்த்து ஆப்புகளைத் தட்டினார். பலகை அசைந்ததும் மேலே பூசியிருந்த சாயம் நேர்கோடாக வெடித்தது. வெடிப்பில் சாம்பலுக்குக் கீழே மஞ்சள், மஞ்சளுக்குக் கீழே பச்சை, சிவப்பு, எல்லாவற்றுக்கும் அடியில் நீலத்தின் நீலம். மேசையக்கா விரலை வைத்து அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தாள். பிறகு பலகைகள் ஒவ்வொன்றாக வாசலைத் தாண்டி, வளைந்த படியில் வளைந்து, தெருவுக்கு இறங்கின. ஊதல் முன்னால் நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். காபிக்கடையில் இருந்தவர்கள் கண்ணாடி வழியே வேடிக்கை பார்த்தார்கள்.

மகள் வீட்டுக் கூடத்தில் மேசையைப் பூட்டி நிறுத்தினார்கள். சோபா வெளியே போனது. மருமகன் மேசையைச் சுற்றிப் பக்கவாட்டில் நடக்கப் பழகிக்கொண்டார். திங்கட்கிழமை ஊதல் பஸ்ஸில் வந்தார், மடக்கு நாற்காலியோடு. எதிர்வீட்டுக்காரர் என்ன விசேஷம் என்று எட்டிப் பார்த்தார். அடுத்த வாரம் அவரும் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆறு மாதம் ஆனது. ஒரு திங்கட்கிழமை மகன் காரோடு வந்து நின்றான்.

"கிளம்பலாமாம்மா?"

"நான் கிளம்பிடுவேன்டா. மேசை?"

"அதை விட்டுட்டு வா."

"உங்கப்பா செஞ்சது. விட்டுட்டு வர மனசு வரலை."

ஆப்பும் எண்ணும் இருக்கிற விஷயத்தை மகனுக்கு யாரும் சொல்லவில்லை; அவன் மேசையைச் சுற்றி வந்தான். வாசலைப் பார்த்தான். லிஃப்டைத் திறந்து பார்த்தான். "இது எப்படி வெளிய வரும்? அக்கா, வாசலை அளக்காமலா இதை உள்ள போட்ட?"

மருமகன் செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டார். மகள் மேசையைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதைத்தான் யோசிக்கலைடா."

மேசையக்கா மகளைப் பார்த்தாள். குனிந்த அந்தக் கழுத்து அப்படியே அவர் கழுத்து. ஆப்பைத் தட்டினால் கழலும் என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பேச்சை விழுங்கினாள்.

"ஏதாவது ஒரு வழி கண்டுபிடிச்சுட்டுச் சொல்றோம்ப்பா," என்றாள். "நீ போய் ஒரு நாற்காலி எடுத்துட்டு வந்து உட்காரு. ஊதல் சித்தப்பா வர்ற நேரமாச்சு."