டீச்சரம்மாவுக்குக் கொடுத்த மணை

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது நாலு, ஓரகத்தி போய்ச் சேர்ந்த பிறகு அவள் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஆறு பேரையும் கரையேற்றியது, பெரிய மார்க்கெட்டில் நான் மீன் விற்க உட்கார்ந்த பலாமர மணை. சாண் உயரம் இருக்கும். உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் குழிந்து வழவழவென்று ஆகிவிட்டது. எனக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். அந்த மணை இப்போது எங்கே இருக்கிறது என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும்.

டீச்சரம்மா என் வாடிக்கை. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். மீனை வாங்கிக்கொண்டு, பிரெஞ்சில் நன்றி சொல்லி "மெர்சி" என்பார். நானும் விடாமல் "மெர்சி" என்பேன். என் வீட்டுக்காரர் இறந்த வருஷம் எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. செதில் சீவிக்கொண்டே அதைச் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு மாடிக்கு வாங்க, சும்மா உட்காரலாம்" என்றார்.

"உட்கார்றதுக்கா கூப்பிடுறீங்க? நான் எழுந்திருக்கிறதே கிடையாதே!"

ஆனாலும் போனேன். புத்தர் காட்டிய வழியாம். மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்த்திருக்க வேண்டும். எது வந்தாலும், வந்தது என்று பார்த்துவிட்டு விட்டுவிட வேண்டும். பாங்குக்காரர் ஒருவர், வெள்ளைக்காரர் ஒருவர், இன்னும் சிலர், நடுவில் நான். மீன் விற்கிறவள் வாயை மூடிக்கொண்டிருப்பது லேசில்லை; இருந்தேன். கொஞ்ச நாளில் தூக்கம் திரும்பி வந்தது.

அப்புறம் டீச்சரம்மாவின் முட்டி மடங்க மறுத்தது. "இந்த மாசத்தோட வகுப்பை நிறுத்திடப் போறேன்" என்றார். எனக்கு வந்த தூக்கம் மறுபடி போய்விடுமே! நாற்காலியில் உட்காரச் சொன்னோம். "ஆயுசுக்கும் நாற்காலியில உட்கார்ந்து பிள்ளைங்கள மிரட்டியாச்சு. இங்கயும் அப்படி உட்கார மாட்டேன்" என்று ஒரே பிடிவாதம்.

அப்போதுதான் கடையை மருமகளிடம் விட்டிருந்தேன். மணையைப் புளி போட்டுத் தேய்த்து, எலுமிச்சைத் தோலால் தேய்த்து, வெயிலில் காயவைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். டீச்சரம்மா உட்கார்ந்து காலைத் தளர்த்திப் போட்டார். முட்டி முனகவில்லை. எல்லோரும் கண்ணை மூடினோம்.

அன்று மழை மூட்டம். மரம் ஈரம் குடித்ததுதான் தாமதம், இத்தனை வருஷத்து வஞ்சிரமும் சங்கராவும் எழுந்து வந்துவிட்டன. சுற்றிலும் மூக்கு உறிஞ்சும் சத்தம். எனக்கு மானமே போனது. போதாததற்கு மாடிப்படியேறி ஒரு பூனை வந்தது. நேராகப் போய் மணையை நக்கத் தொடங்கியது.

டீச்சரம்மா கண்ணைத் திறக்கவில்லை. "வாசனை வந்தா, வந்ததுன்னு பாருங்க. பூனை வந்தா..." அதற்கு மேல் முடியவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தக் கூடத்தில் யாரும் அப்படிச் சிரித்துக் கேட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த வாரமும் வந்துடுங்க" என்றார். வகுப்பு நிற்கவில்லை.

போன வருஷம் மகளோடு இருக்கப் பிரான்சுக்குப் போய்விட்டார். வகுப்பு இப்போது பாங்குக்காரர் வீட்டில் நடக்கிறது. நானும் போகிறேன், நன்றாகத் தூங்குகிறேன். புறப்படும்போது டீச்சரம்மா பெட்டியிலிருந்து பட்டுப்புடவைகளை எடுத்துப்போட்டுவிட்டு மணையை வைத்தாரே, அதைத்தான் சொல்ல வந்தேன். பேத்தி போன வாரம் போனில் வீடியோ கால் போட்டுக் கொடுத்தாள், பார்த்தேன். அங்கேயும் நாலு பெண்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க, எதிரே என் மணையில் டீச்சரம்மா. முடிந்ததும், "பூனை வருதா?" என்று கேட்டேன்.

"பக்கத்து வீட்டுப் பூனை தினம் வந்துடுது மீன்காரம்மா! அது பிரெஞ்சுப் பூனை, ஆனா நம்ம வஞ்சிரத்தை அதுக்கும் தெரியுது."

கண்ணு, எங்கே, முதல்லேருந்து ஒருதரம் படி. மணை பிரான்சுல இருக்குன்னு எழுதினியா, அந்த இடத்தைக் கொஞ்சம் சத்தமா படி.