நிழலில் உலரச் சொன்ன விதை

எங்கள் அக்கா போய் ஓராண்டு. கல்லறை மேட்டில் புல் முளைத்துவிட்டது. ஊரில் அவரைப் பற்றி ஒரு பொய் மட்டும் இன்னும் பட்டுப்போகாமல் நிற்கிறது.

உடுமலைப்பேட்டைக்குக் கிழக்கே, பிறர் காட்டில் களையெடுத்துப் பிழைத்த பெற்றோருக்கு மூத்தவராய்ப் பிறந்தார். மணமான பின்பு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கோயமுத்தூரில் நுண்ணுயிர் உரம் தயாரிக்கும் கூடமொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். பயறுச் செடியின் வேரில் முடிச்சுமுடிச்சாய்க் குடியேறி, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து ஊட்டும் ரைசோபியத்தைக் கரிய பொடியில் கலந்து பாக்கெட்டில் அடைப்பார். "பொடியில்ல கண்ணு, உசுரு" என்பார். ஊருக்குப் பேருந்தில் வரும்போது அந்தப் பாக்கெட்டுகளை ஈரத்துணியில் சுற்றி, கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொள்வார்.

"ஏனம்மணி, கோயமுத்தூர்க் கரியப் பூசுனா காடு வெளையுமா?" என்று டீக்கடையில் ஒரு தாடிக்காரப் பெரியவர் கேட்டார்.

"காடு வெளையும்ங்க மாமா. உங்க மூஞ்சிக்கு வேண்டாம், அங்க ஏற்கெனவே வெளைஞ்சிருக்குதுங்க."

கடையே சிரித்தது. ஆனாலும், அக்கா விளைவித்துக் காட்டட்டும், அப்புறம் வாங்குகிறோம் என்றார்கள்.

அக்காவின் கணவர், எங்கள் மச்சான், குத்தகைக்குப் பிடித்த கரிசலில் அதுவரை யாரும் கொண்டைக்கடலை போட்டதில்லை; அதற்கான நுண்ணுயிர் அந்த மண்ணில் இல்லை. அக்காவை நம்பி யூரியாவும் வாங்கவில்லை. விதைப்பன்று காலையில், ஆறிய கஞ்சியில் பொடியைக் குழைத்து விதையில் பூசி, வேம்படியில் சாக்கு விரித்துப் பரப்பினார் அக்கா. "ஏனுங்க, நெழல்லயே காயட்டும்ங்க. சோறு எடுத்துட்டு வாரேன்."

திரும்பி வந்தபோது சாக்குகள் களத்தில், உச்சி வெயிலில் கிடந்தன.

"வெயில் காட்டாத வெதையும் வெதையா அம்மணி? எங்கப்பன் காலத்துலிருந்து இதுதான வழக்கம்" என்றார் மச்சான், உதவி செய்துவிட்ட முகத்தோடு.

அக்கா ஒரு பிடி விதையை அள்ளிப் பார்த்தார். பூசிய உயிர் வெயிலில் செத்திருந்தது. வேறு பாக்கெட் இல்லை. ஆட்கள் வந்துவிட்டார்கள், மண்ணின் ஈரமும் காத்திருக்காது. விதைத்தார்கள். வெயில் படாமல் வேம்படிக் குண்டாவில் மிஞ்சிய பூசிய விதையைக் கிணற்றோரம் தானே ஊன்றினார்.

சில வாரங்களில் காடு வெளுத்துச் சாம்பியது. கிணற்றோரம் மட்டும் கரும்பச்சை. ஒரு செடியைப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கிள்ளினார். உள்ளே இரத்தச் சிவப்பு, உயிரோடிருக்கும் சிவப்பு.

"ஊரக் கூப்பிட்டுக் காட்டலாங்க்கா" என்றேன்.

"காட்டுனா, மத்ததெல்லாம் ஏன் செத்துதுன்னு கேப்பாங்க கண்ணு. உங்க மச்சான் தல குனியோணும். வேண்டாம்."

அக்காவின் பொடி வெறும் கரிதான் என்ற பொய் ஊரில் வேர்பிடித்தது. அதற்குப் பின் எங்கள் ஊரில் ஒருவரும் அவரிடம் பாக்கெட் வாங்கவில்லை. முகம் தெரியாத ஊர்களின் வேர்களுக்காகவே, சிறுநீரகம் கைவிடும் வரை, அடைத்துக்கொண்டிருந்தார். அடக்கத்தன்று மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார்: "எழுதிப்போடுங்க மாப்ள. பொடி மேல தப்பில்லீங்க. வெயில்ல போட்டவன் நான்." எழுதிவிட்டேன். படிக்க அக்கா இல்லை.

மருத்துவமனையில் முறைவைத்துக் கண்விழித்த உரக்கூடத்துப் பெண்களுக்கும், திருப்பலி நிறைவேற்றிய பங்குத்தந்தைக்கும், தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் கைகூப்பிய நன்றி. அன்று கேலி பேசிவிட்டு, கடைசியில் குழிக்கு மண் அள்ளிப் போட வந்தவர்களுக்கும் நன்றி. உங்கள்மேல் அக்காவுக்குக் கோபமே வந்ததில்லை. ஒரே ஒரு நாள் வந்திருக்கலாம். கோபத்திலாவது உண்மையைச் சொல்லியிருப்பார்.