ஆல்ட்டோவுக்கு ஒரு ராகம்

போன வாரம் சர்ச் வாட்ஸப் குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது. பாடகர் குழு கிறிஸ்மஸுக்காகப் புதுப்பாட்டுப் போட்டி நடத்துகிறதாம். பாட்டைப் போனில் பாடிப் பதிவு செய்து அனுப்பினால் போதுமாம். கடைசியில், ‘நான்கு பாகமும் எழுத வேண்டிய அவசியமில்லை’ என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைப் படித்ததும் எனக்கு சைக்ளோஸ்டைல் மையின் வாசனை அடித்தது. அப்போது அடுப்பில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதையும் மீறி அடித்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அது எங்கள் பாட்டுத் தாள்களின் வாசனை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மயிலாடிப் பக்கம் இதே சபையில்தான் பாடிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை. வெளியே சிற்பக் கூடங்களில் கல் கொத்துகிற சத்தம் ஓயாமல் கேட்கும். டெனர் பாடுகிற ஆண்கள் தன் கையைப் பார்க்காமல் அந்த உளிச் சத்தத்துக்குத்தான் தாளம் பிடிக்கிறார்கள் என்று பாடகர் குழுவை நடத்திய ஞானசிகாமணி மாஸ்டருக்கு ஒரு நிரந்தரக் குறை. மாஸ்டர் டியூனிங் ஃபோர்க்கை முழங்காலில் தட்டி, காதில் வைத்து, கண்ணை மூடிச் சுருதி கொடுப்பார். தனக்கு முழங்கால் வலி வந்த பிறகு, பேஸ் பாடுகிறவரின் முழங்காலில் தட்டினார். தாளில் டோ, ரே, மீ என்று எழுத்தாலேயே நான்கு வரிசை எழுதியிருக்கும். மேலே பெண்களின் உச்சக் குரலான சோப்ரானோ, அதற்கடியில் பெண்களின் தாழ்ந்த குரலான ஆல்ட்டோ, பிறகு ஆண்களின் டெனர், பேஸ்.

ராகம் முழுவதும் சோப்ரானோவுக்குத்தான். ஆல்ட்டோ அதற்கு இரண்டு படி கீழே, ஓரமாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நடந்துபோக வேண்டும். நான் ஆல்ட்டோ. வீட்டில் என் பாகத்தைப் பாடிப் பழகினால் அம்மா எட்டிப் பார்த்து, “தலைவலிக்கா?” என்று கேட்பாள்.

லீலாபாய் அக்கா எங்கள் வரிசையில் முதல் ஆள். பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்ட். முப்பது வருஷமாக ஆல்ட்டோ. அவள் குரல் தனியாக எப்படியிருக்கும் என்று சபையில் ஒருவருக்கும் தெரியாது. அந்த வருஷம் ஷார்ஜாவில் இருந்த மகளுக்குப் பிரசவம். ஜனவரியில் அக்கா கிளம்புகிறாள் என்று பேச்சு வந்தது. போவதற்கு முன்னால் ஒரு தடவையாவது அக்காவின் வாயில் ராகம் வர வேண்டும், சபை அதைக் கேட்க வேண்டும். எனக்கு அது ஒரு வெறியாகவே பிடித்துக்கொண்டது.

அதற்குத்தான் போட்டி இருக்கிறதே. வருஷாவருஷம் குழுவே நடத்தும். தாளில் எண் மட்டும் இருக்கும், பெயர் ஒட்டிய கவருக்குள் இருக்கும். எல்லாப் பாட்டையும் நாங்களே தாளைப் பார்த்த மாத்திரத்தில் பாட வேண்டும். ஜெயித்தவருக்கு எவர்சில்வர் தூக்குவாளி ஒன்று. கூடவே அந்தப் பாட்டு கிறிஸ்மஸ் ஆராதனையில் ஏறும். ஒரு மாதம் ஆபீஸ் பேப்பரையெல்லாம் பாழாக்கி எழுதினேன். முதல் சரணம் வழக்கம்போல. இரண்டாம் சரணத்தில் ராகம் முழுக்க ஆல்ட்டோவுக்கு. சோப்ரானோவுக்கு நீளமான ‘ஆ’ மட்டும். முப்பது வருஷத்துப் பழியை ஒரே சரணத்தில் தீர்த்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

என் பாட்டு மூன்றாம் எண். நடுவர் பக்கத்துச் சபைக்காரர். தாளை வாங்க மாட்டார், கண்ணை மூடிக் கேட்பதுதான் வழக்கம். முதல் சரணம் ஒழுங்காகப் போனது. இரண்டாவதில் அக்கா ராகத்தை எடுத்தாள். எடுத்தாள் என்றா சொன்னேன்? தொட்டாள். அதற்குள் சோப்ரானோ எமிலி டீச்சருக்குப் பொறுக்கவில்லை. ‘ஆ’வைப் பாதியில் போட்டுவிட்டு ராகத்துக்குள் புகுந்துவிட்டாள், பின்னாலேயே அவள் வரிசை முழுவதும். மேலே ராகம் கேட்டதும் லீலாபாய் அக்கா என்ன செய்தாள் தெரியுமா? முப்பது வருஷப் பழக்கம். மறுபேச்சில்லாமல் இரண்டு படி கீழே இறங்கி, நான் எழுதவே எழுதாத ஒரு ஆல்ட்டோவைப் பாட ஆரம்பித்துவிட்டாள். மற்ற ஆல்ட்டோக்களும் அவளோடு இறங்கினார்கள். நான் மட்டும் கையில் தாளோடு முழித்துக்கொண்டு நின்றேன்.

முடிந்ததும் எமிலி டீச்சரைப் பிடித்தேன். “நான் என்ன செய்யட்டும் மக்கா? ‘ஆ’ண்ணு வாயப் பொளந்துகிட்டு எவ்வளவு நேரம் நிக்கது?” என்றாள். அதுவும் நியாயந்தான்.

எல்லாப் பாட்டும் முடிந்த பிறகு நடுவர் கண்ணைத் திறந்தார். “மூணாம் நம்பருக்குக் குடுக்கேன். ராகம் சுமாரு. ஆனா ரெண்டாம் சரணத்துல ஆல்ட்டோ எழுதியிருக்கது கொள்ளாம், நல்லாருக்கு!”

கவரைப் பிரித்தார்கள், என் பெயர். எல்லோரும் கைதட்டினார்கள். அந்த ஆல்ட்டோ நான் எழுதியதில்லை என்று சொல்ல நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். அன்று வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, “அது ஒங்களுக்குண்ணு எழுதுன ராகம்க்கா” என்றேன்.

“ஏட்டி, எனக்கு ராகமா?” அக்கா நிஜமாகவே பயந்துபோனாள். “அத நான் பாடினா எல்லாருக்கும் கேக்குமே!”

அவளையும் மற்ற ஆல்ட்டோக்களையும் சேர்ந்து பாடவைத்து, அந்த ஆல்ட்டோவை என் தாளில் என் கையால் எழுதி, மாஸ்டரிடம் கொடுத்தேன். கிறிஸ்மஸுக்குப் பாடினோம். தூக்குவாளியை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அதில் முறுக்கு நிரப்பிக்கொண்டு ஷார்ஜாவுக்குப் போனாள். ஒரு பேரன், பிறகு ஒரு பேத்தி, அப்படியே அங்கேயே இருந்துவிட்டாள்.

அந்தப் பாட்டை இப்போதும் கிறிஸ்மஸுக்குப் பாடுகிறார்கள். கீபோர்டு இருக்கிறது, ஆளுக்கொரு மைக் இருக்கிறது, எல்லோரும் ராகத்தையே பாடுகிறார்கள். நான் ஒருத்திக்குக் கொடுக்க முடியாமல் தவித்ததை இன்று அத்தனை பேருக்கும் வாரிக் கொடுத்துவிட்டார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அடியில் யாரும் இல்லை.

அறிவிப்பைப் படித்த அன்றே அக்காவுக்குப் போன் செய்து, போட்டிக்கில்லை, சும்மா நம்ம பாட்டைப் பாடி அனுப்புங்கள் என்றேன். மறுநாள் வாய்ஸ் மெசேஜ் வந்தது. குரல் கொஞ்சம் நடுங்கியது. பாடியது ராகம் இல்லை, ஆல்ட்டோ. முதல் எழுத்திலிருந்து கடைசிவரை ஆல்ட்டோ. அவள் குரலைத் தனியாக நான் கேட்டது அப்போதுதான். கரண்டியை வைத்துவிட்டு அழுதேன்.

அதைக் குழுவில் போட்டேன். போன கிறிஸ்மஸுக்கு மைக் பிடித்த ஒரு பெண் உடனே கேட்டாள்: “ரொம்ப நல்லாருக்கு ஆன்ட்டி. இது எந்தப் பாட்டு?”

‘வருஷாவருஷம் நீங்க பாடுற என் பாட்டுதான்’ என்று அடித்தேன். அனுப்பப் போனவள், ‘என்’ என்பதை அழித்துவிட்டு ‘லீலாபாய் அக்கா’ என்று போட்டு அனுப்பினேன்.