நாத்தனார் வீட்டு டி.வி. கண்ணாடி

எங்களுக்குக் கல்யாணமான மறு வருடம், என் கணவர் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அனுமதி வாங்கி ஒரு சின்ன சோலார் தகட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தார். திண்டிவனத்தில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தார். கோடை விடுமுறை. மொட்டை மாடியில் தகட்டை வைத்துக் கம்பி இழுத்தார். ஒரு டிரான்சிஸ்டர் பாடியது, அதுவும் தொண்டை கட்டினாற்போல.

"தகடு வெலை ஜாஸ்தி. இன்னொன்னு வாங்க முடியாது. வெயிலைத்தான் ஜாஸ்தி பண்ணணும்" என்றார். சித்திரை மாதத்தில் வெயில் போதவில்லை என்று சொன்ன ஒரே திண்டிவனத்துக்காரர் அவராகத்தான் இருக்கும்.

அந்த வாரம் விழுப்புரத்தில் அவருடைய அக்கா வீட்டுக்குப் போனோம். கோட்டக்குப்பத்து நண்பர் ஒருவர் வளைகுடாவிலிருந்து வாங்கி வந்த பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்றை நாத்தனார் டி.வி.க்கு முன்னால் மாட்டியிருந்தார். மெல்லிய தாள் மாதிரி இருக்கும். தடவினால் வளையம் வளையமாக வரி தட்டுப்படும். சின்னப் படத்தைப் பெரிதாகக் காட்டும். எல்லோரும் படம் பார்க்க, இவர் மட்டும் எழுந்து போய் அந்தக் கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இது லென்சுக்கா. வெயில ஒண்ணா சேக்கும். ரெண்டு நாளு குடேன்."

"ஞாயித்துக்கெழம படம் போடுவான்டா. அதுக்குள்ள வந்து சேரணும்."

பஸ்ஸில் அதை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே வந்தார். எதிர் சீட்டுக் குழந்தை அதன் வழியே அவருடைய மீசையைப் பார்த்து விக்கிரவாண்டி வரைக்கும் அழுதது.

மறுநாள் மூங்கில் சட்டத்தில் கண்ணாடியைக் கட்டித் தகட்டுக்கு மேலே நிறுத்தினார். மின்சாரம் அளக்கும் மீட்டரின் முள் சட்டென்று ஏறியது. டிரான்சிஸ்டர் தெருவுக்கே கேட்டது. ஆனால் வெயில் நகர நகர, சட்டத்தையும் திருப்ப வேண்டும். அந்த வேலை எனக்கு வந்தது.

"சூரியன் நவுந்துட்டான். கொஞ்சம் திருப்பு."

"பூமிதான் சுத்துதுன்னு புள்ளைங்களுக்குப் பாடம் நடத்திக்கினு இருக்கீங்க?"

அவர் குனிந்து மீட்டரைத் தட்டிப் பார்த்தார். நான் குடை பிடித்துக்கொண்டு திருப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு பேரும் சாப்பிடக் கீழே இறங்கிய நேரத்தில் காற்று சட்டத்தைச் சாய்த்துவிட்டது. மேலே ஓடிப் பார்த்தால், கொடியில் காய்ந்த அவருடைய பட்டுக்கரை வேட்டியில் எட்டணா அகலத்துக்கு ஓட்டை, ஓரமெல்லாம் புகை. அதே நேரம் கண்ணாடியை வாங்கிப் போக நாத்தனாரும் மாடி ஏறி வந்தார்.

"வேட்டி போனா போவுது. கண்ணாடிக்கு ஒண்ணும் ஆவலையே?"

ஆகியிருந்தது. புழுதியை இவர் துண்டால் அழுத்தித் துடைத்ததில் நடுவில் நீளமாக ஒரு கீறல். அன்று மாலைப் படத்தில் கதாநாயகி கல்யாணக் காட்சியிலும் கன்னத்தில் தழும்போடு வந்தாளாம்.

இவர் விடவில்லை. கூட்டேரிப்பட்டு டீக்கடையில் டீத்தூள் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளைக் கேட்டு வாங்கி வந்தார். அட்டையில் ஒட்டித் தகட்டின் இரண்டு பக்கமும் சாய்த்து வைத்தார். தாள் சுருங்கிக் கிடந்ததால் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறியது. முள் அசையவே இல்லை.

அடுத்த முறை வந்த நாத்தனார் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒனக்குப் பசையே காச்சத் தெர்ல. நவுரு."

மைதாவைக் கிண்டித் தடவி, வெள்ளித்தாளை ஒட்டி, கரண்டியின் முதுகால் ஒரு சுருக்கம் இல்லாமல் தேய்த்தார். காய்ந்ததும் அட்டைகளைச் சாய்த்து வைத்தோம். முள் ஏறியது. கண்ணாடி அளவுக்கு இல்லை. ஆனால் இறங்காமல் நின்றது. யாரும் குடை பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

"ஏறுதாடா?"

"ஏறுதுக்கா" என்றார், மாணவனைப் போல.

கல்லூரி திறந்ததும் நடந்த கண்காட்சியில் அதற்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு, குழாயில் சிவப்புத் தண்ணீர் ஓடும் இதயத்துக்குப் போயிற்று. அந்த இதயத்தில் என்னென்ன தப்பு என்று ஒரு வாரம் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.