மருமகளுக்குப் புரியாத மொழி

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தபோது வலது கையோடு தமிழும் போய்விட்டது. அவர்கள் வீட்டில் பேசுகிற சௌராஷ்டிரம் மட்டும் திக்கித் திக்கி வந்தது. நான் அலங்காநல்லூரிலிருந்து அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். மனுஷன் பிழைத்ததே பெரிது என்றார்கள் எல்லோரும். எனக்கோ வயிறு எரிந்தது. சண்டை போடக்கூட ஒரு வார்த்தை மிச்சமில்லாமல் என்ன குடித்தனம்?

பக்கவாதத்துக்குப் பிறகு மூளையின் நரம்புப் பாதைகள் எப்படி இருக்கின்றன என்று ஸ்கேன் எடுத்து ஆராய்கிற ஓர் ஆஸ்பத்திரிக்கு நானும் மாமியாரும் அவரைக் கூட்டிப்போனோம். டாக்டரம்மா கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார். சிவப்பும் பச்சையும் நீலமுமாக நூல் நூலாக ஓடியது. இடது பக்கம், பேச்சு போகிற பாதை மட்டும் நைந்து கிடந்தது.

"கலரு நல்லாத்தான் இருக்கு" என்றார் மாமியார், சேலை எடுக்க வந்த மாதிரி.

"இதுல தமிழு எதும்மா?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா சிரித்தார். "அப்படியெல்லாம் பிரிச்சுக் காட்டாதும்மா. பாதை முழுசா அறுந்துபோகல. வர்ற மொழியிலயே விடாம பேச வைங்க. தமிழும் வரலாம், உறுதியா சொல்ல முடியாது. தினமும் இவரு கூட யாரு உக்காந்து பேசுவீங்க? உங்களுக்கு சௌராஷ்டிரம் புரியுமா?"

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு வார்த்தைகூடத் தெரியாது" என்றேன்.

கல்யாணமான மறுவருஷமே எல்லாம் புரிந்துவிட்டது என்பதுதான் உண்மை. என் ரசம், என் மூக்கு, என் அம்மா வீட்டுச் சீர் எல்லாவற்றையும் என்னை வைத்துக்கொண்டே அலசுவார் மாமியார். புரியாத மாதிரி இருந்தால்தானே முழுசாகக் கேட்கலாம்? இத்தனை வருஷம் கட்டிக்காத்த சௌகரியத்தை ஒரு ஸ்கேன் படத்துக்காக விட மனசு வரவில்லை. பேச்சுப் பயிற்சி மாமியார் பொறுப்புக்குப் போனது.

அதன்பின் காலையில் அம்மாவும் மகனும் கூடத்தில், நான் அடுப்படியில். சட்னியில் உப்பு போதவில்லை, அவளிடம் சொல்லாதே என்று அவர் மூச்சுமுட்டச் சொல்லி முடிப்பார். "காபி கேக்குறான்" என்பார் மாமியார். எனக்கானால் ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். என் புருஷன் என்னிடம் பேசுவதை நான் எப்போது கேட்பது?

ஒரு நாள் வழக்கத்தைவிட நீளமாகப் பேசினார். ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பிடித்துச் சொன்னார். நான் இப்படியேதான் கிடப்பேன்; அவளை ஊருக்கு அனுப்பிவிடு; ஊமையைக் கட்டிக்கொண்டு அவள் ஏன் மாரடிக்க வேண்டும்?

கல்லில் தோசை தீய்ந்தது. "என்ன அத்தை சொல்றாரு?" என்றேன்.

"இன்னொரு தோசை கேக்குறான்" என்றார் மாமியார், முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி.

எனக்கு வந்ததே கோபம்! தோசைத் திருப்பியோடு கூடத்துக்குப் போய் அவர்கள் மொழியிலேயே கத்தினேன். எங்கேயும் போக மாட்டேன், தோசையும் கிடையாது, நாளையிலிருந்து என்னோடுதான் பேச வேண்டும். பாதி தப்பாகத்தான் இருந்திருக்கும். கண்ணீர் வேறு, நிற்கவே இல்லை.

அவர் கோணிய வாயோடு சிரித்தார். மாமியார் மயங்கி விழப்போகிறார் என்று நினைத்தேன். அந்தம்மாவோ நாற்காலியை விட்டு எழுந்து, என் கையிலிருந்த தோசைத் திருப்பியை வாங்கிக்கொண்டார்.

"ஒனக்குப் புரியும்னு தெரியாமலா இம்புட்டு வருஷமா அம்புட்டு சத்தமாப் பேசுனேன்? உக்காரு. அவன்கூடப் பேசு."